ஏழு படலங்களின் ஐந்தாம் ஆண்டு

காயத்துக்குக் காலம் மருந்தாகுமா, நஞ்சாகுமா? இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை காணத்தான் எழில்மொழி தஞ்சாவூரில் ஐந்தாண்டுகளைக் கரைத்தாள். அவள் கேட்டது மனக்காயத்தைப் பற்றியன்று. ஏழு சின்னஞ்சிறு சில்லுகளில் ஆறு பட்ட காயத்தைப் பற்றி.

ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தின் அளவுதான். அதன்மேல் தலைமுடியின் நூற்றில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாத கரும்படலம். மீக்கடத்தி என்பது அந்தப் பொருளின் பெயர். மின்சாரம் எந்தக் கம்பியில் ஓடினாலும் வழியெல்லாம் வரி கட்டிக்கொண்டுதான் ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்துக்குப் பறிகொடுத்துத்தான் போய்ச் சேரும். இந்தக் கரும்படலத்தைப் பனிக்கட்டியையும் நடுங்கவைக்கும் குளிருக்குக் கொண்டுபோனால் மட்டும் வரி ஒழியும், தடை ஒழியும். புறப்பட்ட மின்சாரம் புறப்பட்டபடியே போய்ச் சேரும். சூரியனுக்குள் எரிகிற நெருப்பைப் பூமியில் மூட்டி வீட்டுக்கு விளக்கேற்ற நினைக்கிறார்களே, அந்த உலைகளில் நெருப்பைத் தொடாமல் கட்டிப்போடும் காந்தங்களை இத்தகைய பொருளால் சுற்றப் பார்க்கிறார்கள். ஆனால் உலை சும்மா இருக்குமா? கதிர்களை வீசிக் காந்தத்தைக் குத்திக்கொண்டே இருக்கும்.

முதல் சில குத்துகள் நன்மையே செய்யும் என்பது விந்தை. சிறு காயங்கள் காந்தப்புலத்தின் இழைகளை நகரவிடாமல் இறுக்கிப் பிடிப்பதால், படலம் முன்னிலும் கூடுதலான மின்சாரத்தைத் தாங்கும். குத்துகள் பெருகினாலோ அணுக்களின் அணிவகுப்பு குலையும், வல்லமை வடியும். இவ்வளவையும் ஆய்வாளர் பலர் அளந்து எழுதிவிட்டார்கள். குத்துப்பட்ட படலத்தை ஓரமாக எடுத்துவைத்து, அது முதுமையடைவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள்தாம் அரிது. அது தானே தேறுமா? தேய்ந்து மாயுமா? அதைப் பார்க்கும் பொறுமை தனக்கு உண்டு என்று எழில்மொழி நம்பினாள்.

வடநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் உலைக்கதிர் போலவே குத்தும் அயனிக் கற்றைக்கு அடியில் வைத்து, ஆறு படலங்களுக்கு ஏறுமுகமாக அடி கொடுத்து வாங்கி வந்தாள். ஒன்றாம் எண் மட்டும் அடிபடாதது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நான்கு அக்டோபர்களில் நான்கு அளவீடுகள் முடிந்தன. இலேசாக அடிபட்ட இரண்டும் மூன்றும் மெல்லத் தேறின. ஆறாம் எண் முதல் இரண்டாண்டுகள் சரிந்தது. மூன்றாமாண்டில் சரிவின் வேகம் குறைந்தது. நான்காமாண்டில் நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்தாமாண்டில் அது எழுமா, விழுமா? அந்த ஓர் அளவீட்டுக்காகத்தான் அவளுடைய முனைவர் பட்டம் காத்திருந்தது. ஆய்வுக்காலம் நவம்பரோடு முடிகிறது. அக்டோபரில் அளந்தாக வேண்டும்.

படலத்துக்குப் பகைவன் ஒருவனே: ஈரம். காவிரி பாய்கிற மண்ணில் ஈரத்தை எங்கே துரத்துவது? மழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூரில் சுவர் வியர்க்கும், உப்பு ஒழுகும், அப்பளம் நமுத்துப்போகும். ஆகவே ஏழு சில்லுகளும் இரும்பு பீரோவுக்குள், கெட்டியாக மூடிய ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் இருந்தன. கலத்தின் அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள். ஈரம் குடித்துவிட்டால் மணிகள் வெளிறிச் சிவந்துவிடும். உடனே அவற்றை எடுத்து அடுப்பில் சுட்டு நீலமாக்கி வைத்துக்கொண்டு, வேறு மணிகளைப் போட வேண்டும். அடைமழையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும்.

மணிகளைச் சுட்டுத் தருபவர் கோவிந்தராசு. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நாள்தோறும் முதல் பேருந்தில் வந்து, கல்லூரியின் இயற்பியல் துறைக் கதவைத் திறப்பவர். பத்தொன்பது ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் ஆய்வக உதவியாளர். ‘அடுத்த ஆண்டு நிரந்தரம்’ என்ற சொல்லைப் பத்தொன்பது முறை கேட்டவர். எழில்மொழி தஞ்சாவூருக்கு வந்த முதல் வாரமே அவரை ‘அண்ணே’ என்று அழைத்தாள். அவரோ ‘மேடம்’ என்பதை விட்டு இறங்கவேயில்லை.

செப்டம்பர் இறுதியில், குடவாசல் பக்கத்து ஊரிலிருந்து அவள் தந்தை ரெத்தினத்தின் அழைப்பு வந்தது. குறுவை அறுவடை முடிந்து, அறுபது மூட்டை நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் எட்டு நாளாக மழையில் கிடக்கிறது, தாய்க்குக் காய்ச்சல், படுதாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அவள் கிளம்பினாள். கிளம்பும்போது, ஐந்தாண்டுகளாக யாரிடமும் கொடாத பீரோவின் மாற்றுச் சாவியை முதன்முதலாகக் கோவிந்தராசுவின் கையில் வைத்தாள்.

“அண்ணே, மழை கனமா இருக்கு. மணி செவந்தா மாத்திடுங்க. ஈரக் காத்து மட்டும் உள்ள போயிடக் கூடாது.”

“நீங்க போயி நெல்லப் பாருங்க மேடம். உங்க மணிய நான் கண்ணு மாதிரி பாத்துக்கறேன். சோறு மொதல்ல, சயின்சு அப்புறம்.”

“சயின்சுக்கு அடுத்த மாசம் பரீட்சைண்ணே.”

“பாஸாயிடும். நான் வேண்டிக்கறேன்ல?”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த வேண்டுதலை அவர் எந்த வடிவில் நிறைவேற்றுவார் என்று கேட்கத் தோன்றவில்லை.

கொள்முதல் நிலையத்தில் நெல் தீர்ப்புக்காகக் காத்திருந்தது. கையடக்கக் கருவி ஒன்றில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஈரப்பதம் பதினேழு வரை இருந்தால் அது நெல். அதைத் தாண்டினால் அது விவசாயியின் தலைவிதி. ரெத்தினத்தின் நெல் இருபத்தொன்று காட்டியது. கூலிக்கு நட்ட குடும்பம், குத்தகைக்கு உழுத குடும்பம், ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தமாகி நிமிர்ந்த குடும்பம், ஒரு கருவியின் நான்கு எண்ணுக்கு முன்னால் மறுபடியும் குனிந்து நின்றது.

“ஏம்மா, உன் படிப்பே ஈரத்தப் பத்தித்தானாமே,” என்றார் ரெத்தினம், நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே. “இந்தக் கருவிகிட்ட இங்கிலீசுல நாலு வார்த்த பேசிப் பாரேன்.”

“அதுக்கு இங்கிலீசும் தெரியாதுப்பா, தமிழும் தெரியாது. வெயிலோட பாஷதான் தெரியும்.”

“அப்ப வெயிலத்தான் வரச்சொல்லணும். அதுக்கு எந்த ஆபீசுல மனு குடுக்கறது?”

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கைப்பேசியில் துறைத் தலைவரின் செய்தி வந்தது. ஆயுத பூசை விடுமுறைக்கு முன்பாக, மாலை நான்கு மணிக்குத் துறையில் பூசை; எல்லா ஆய்வகங்களிலும் கருவிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு வைக்க வேண்டும். ஆண்டுதோறும் வருகிற செய்திதான். அவளுடைய அளவைக் கருவியின் நெற்றியிலும் ஆண்டுதோறும் ஒரு பொட்டு ஏறும். அவள் மறுநாள் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பீரோ பூட்டியிருக்கிறது என்று நினைத்தாள். மாற்றுச் சாவி யாரிடம் என்பதை நினைக்கவில்லை. அந்நேரம் மேற்கே கருமேகம் திரண்டது. தந்தை “படுதா, படுதா” என்று கத்தினார். கைப்பேசி இடுப்புக்குப் போயிற்று.

செய்தி அனுப்பிய துறைத் தலைவரின் பெயர் இளம்பரிதி. அவருடைய தந்தை, சாதியைச் சாடித் துண்டறிக்கை அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தவர். மகனுக்கு வடமொழி வாடையில்லாத பெயராகத் தேடி வைத்தவர். மகன் பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். பூசையில் அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. பூசை வேண்டாமென்று சொல்லும் துணிவு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ‘பசங்க ஆசைப்படுறாங்க’ என்பார். நம்புகிறவன் செய்யும் பூசையைவிட, நம்பாதவன் நடத்திவைக்கும் பூசை ஆபத்தானது. கேள்வி கேட்க வேண்டியவனே அங்கே மணியடித்துக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை காலை அவள் திரும்பினாள். நெல் இன்னும் விலைபோகவில்லை. ஆனால் தாய் எழுந்து நடமாடினாள். ஆய்வகத்தில் உடன் ஆராயும் அமலி மட்டும் இருந்தாள். விடுமுறை முழுவதும் மூடிக் கிடந்த பீரோவைத் தன் சாவியால் திறந்ததும், கண்ணாடிக் கலத்தின் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு.

“உன் ஜாடிக்கும் நல்ல காலம் பொறந்திடுச்சு போலருக்கே,” என்றாள் அமலி.

எழில்மொழிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கலத்தின் அடியில் நீலமாக இருக்க வேண்டிய மணிகள் ஒன்றுவிடாமல் சிவந்து கிடந்தன. கண்ணை மேலே உயர்த்தினாள். தட்டில் ஏழு சில்லுகள். ஏழின் நடுவிலும் காய்ந்து வெடித்த ஒரு துளிச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் ஒரு துளிக் குங்குமம். வரிசை பிசகவில்லை. ஒன்றாம் எண் ஒன்றாவது இடத்தில், ஏழாம் எண் ஏழாவது இடத்தில். அத்தனை கவனம். அத்தனை பக்தி.

அவள் கலத்தைத் திறக்கவில்லை. இரு கைகளையும் பீரோவின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அமலி எட்டிப் பார்த்தாள். “ஐயோ” என்ற சொல் அவளிடமிருந்து ஓசையில்லாமல் வந்தது.

அப்போதுதான் கோவிந்தராசு உள்ளே வந்தார். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலம்.

“வந்துட்டீங்களா மேடம்? சுண்டல் கெட்டுப்போவும்னு பசங்களுக்குக் குடுத்துட்டேன். உங்க பங்கு பொரியும் கடலையும் எடுத்து வெச்சிருக்கேன். பாத்தீங்களா நம்ம அலங்காரத்த?”

“அண்ணே,” என்றாள். “இத எப்படிச் செஞ்சீங்க?”

“எத மேடம்?”

“இந்தச் சில்லுக்கெல்லாம்… எப்படித் தொடச்சீங்க?”

“சுத்தமான வெள்ளத் துணிதான் மேடம். பைப்புத் தண்ணியில நனைக்கல, நம்ம வடிகட்டின தண்ணியில நனைச்சேன். ஒண்ணொண்ணா எடுத்து, நோகாம தொடச்சு…” அவர் முகத்தில் மகிழ்ச்சி வடியத் தொடங்கியது. “ஏன் மேடம்? அஞ்சு வருசமா எல்லார் சாமானுக்கும் பொட்டு வெக்கிறோம். உங்க சாமான் மட்டும் பூட்டுக்குள்ளயே கெடக்குது. இந்த மாசம் அதுக்குப் பரீட்சைன்னு சொன்னீங்க. அதுமட்டும் வெறும் நெத்தியோட போவக்கூடாதுன்னு…”

“தண்ணி படக்கூடாதுண்ணே.”

“ஈரக் காத்துதானே ஆகாதுன்னீங்க? துணிய நான் நல்லா இறுக்கிப் பிழிஞ்சிட்டுத்தானே தொடச்சேன்?”

ஈரக் காற்று ஆகாது என்று ஐந்தாண்டுகளாகச் சொன்னவள் அவளேதான். ஏன் ஆகாது என்று ஒருநாள், ஒரே ஒருநாள், அவரை உட்காரவைத்துச் சொன்னாளா? தண்ணீர் பட்டால் அந்தக் கறுப்புக்குள் இருக்கிற பேரியம் பிரிந்து, வெளுத்து, சுண்ணாம்புபோல் உதிரும் என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? மணியை மாற்று என்றாள், மாற்றினார். கதவைச் சாத்து என்றாள், சாத்தினார். உழைப்பவன் கையில் வேலையைக் கொடுத்து, அறிவை மட்டும் தன் பையில் வைத்துக்கொள்ளும் பழைய அநீதி இருக்கிறதே, அதை எதிர்த்து எழுந்த குடும்பத்தில் பிறந்தவள் அதையே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்திருக்கிறாள். தெரியாதவரின் அன்பு எந்தக் கதவைக் கண்டதோ அந்தக் கதவு வழியே போயிற்று. அவரைத் திட்ட வாய் திறந்தாள். வாய்க்குள் வந்து நின்றது அவள் பெயர்தான்.

“போச்சா மேடம்?” என்றார் கோவிந்தராசு மெதுவாக.

“அளந்து பாக்கறேண்ணே.”

அளக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது கால்நடை மருந்தகங்களுக்கு உறைவிந்து கொண்டுபோகும் வண்டியில்தான் வரும்; இரண்டு நாள் கழித்து வந்தது. வண்டியோட்டி சேரன் கொள்கலனை இறக்கிக்கொண்டே வழக்கமான கேலியைத் தொடங்கினான்: “என்னக்கா, இந்த வருசமாவது உங்க கண்ணாடி மாடு சினை பிடிக்குமா?” யாரும் சிரிக்கவில்லை. அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

தண்ணீர் கலவாத சாராய நீர்மத்தில் பஞ்சைத் தோய்த்து, சந்தனத்தை அணுவணுவாக எடுத்தாள். எடுத்த இடத்தில் கறுப்பு இல்லை. சாம்பல் பூத்த தேமல் இருந்தது. ஆறாம் எண்ணில் சந்தனத்தோடு படலமே பெயர்ந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பஞ்சை எறியவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல், மேசையோரத்தில் வைத்தாள்.

முதலில் ஒன்றாம் எண். குளிர் இறங்க இறங்கத் திரையில் மின்தடையின் கோடு சரிந்து வந்தது. மைனஸ் நூற்றெண்பத்தொன்றில் அது செங்குத்தாக விழுந்து சுழியைத் தொட வேண்டும். நான்காண்டுகளாக அப்படித்தான் விழுந்தது. இன்று கொஞ்சம் தாழ்ந்தது, தயங்கியது, பாதிவழியில் தரை தட்டிய படகாக நின்றுவிட்டது. இரண்டும் மூன்றும் அதைவிட மோசம். நான்கும் ஐந்தும் வளையவேயில்லை. ஆறாம் எண்ணில் மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே மறுத்தது. ஏழாம் எண்ணும் அவ்வாறே.

“ஒண்ணாம் நம்பர்ல ஏதோ மிச்சமிருக்கே எழில்,” என்றாள் அமலி. “ரெண்டு, மூணுலகூடக் கொஞ்சம் வளையுது. அத வெச்சு ஏதாவது…”

“எத வெச்சு? இதுல கதிர் தின்னது எவ்வளவு, வயசு தின்னது எவ்வளவு, சந்தனத் தண்ணி தின்னது எவ்வளவு? மூணு பேரும் ஒரே தட்டுல கை வெச்சிருக்காங்க. யாரு எவ்வளவு எடுத்தான்னு கண்டுபிடிக்கவே முடியாது.”

“திரும்பவும் செய்யலாம்ல? புதுசா ஏழு வாங்கி?”

“வாங்கலாம். அஞ்சு வருசத்த எங்க வாங்கறது?”

அதுதான் உண்மை. உடைந்த கருவிக்கு மாற்று உண்டு. கசிந்த குழாய்க்கு மாற்று உண்டு. முதுமைக்கு மாற்று ஏது? மற்ற சோதனைகளில் விரைந்து செய்பவன் வெல்வான், இதில் காத்திருந்தவள் மட்டுமே வெல்ல முடியும், காத்திருந்தவளும் தோற்றாள். அவள் ஆறாம் எண்ணை மறுபடியும் பொருத்தினாள். மறுபடியும் அளந்தாள். கொள்கலனில் நைட்ரஜன் தீரும்வரை, விடை தெரிந்த கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இளம்பரிதியின் அறைக்குப் போனாள். அவர்தான் அவளுடைய நெறியாளரும். முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வருத்தமான விசயம்தாம்மா. ஆனா பதற வேணாம். நாலு புள்ளி கையில இருக்கு. அஞ்சாவது எங்க விழும்னு வளைகோட்ட நீட்டினா தெரிஞ்சிடப்போவுது.”

“நீட்டினா தெரியாதுங்க சார். ஆறாம் நம்பர் எழுமா விழுமான்னு தெரியாமத்தானே அஞ்சு வருசம் காத்திருந்தோம்? தெரிஞ்சா எதுக்கு அளக்கணும்?”

“நீட்டறதுன்னா பொய்யின்னு ஏன் எடுத்துக்கறே? மதிப்பீடு.”

“அளந்ததுன்னு எழுதினா பொய்யிங்க சார்.”

அவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். “சரி. அப்ப இன்னொரு வழி இருக்கு. உதவியாளரோட கவனக்குறைவுன்னு ஒரு கடிதம் குடு. மாதிரிகள் சேதம்னு பதிவாகும். ஒரு வருசம் நீட்டிப்பு கெடைக்கும். விதியில எடமிருக்கு.”

“கோவிந்தண்ணன் என்ன ஆவாரு?”

“தொகுப்பூதியம்தானே,” என்றார் இளம்பரிதி. சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். கொடியவர் அல்லர் அவர். கொடுமையை முறைப்படி நடத்திவைப்பவர். ஊரில் பெரும்பாலான கொடுமைகளுக்கு அத்தகைய ஆட்களே போதும்.

அன்று மாலை எழில்மொழி மூன்று பக்கக் கடிதம் எழுதினாள். அதில் எதையும் ஒளிக்கவில்லை. பூசைக்கு ஆணையிட்டது துறைத் தலைவர் என்று எழுதினாள். ஆய்வகத்தில் ஈரச் சந்தனத்துக்கு என்ன வேலை என்று கேட்டாள். சாவியைக் கொடுத்தது தான் என்று எழுதினாள். பத்தொன்பது ஆண்டுகள் வேலை வாங்கிய துறை, கையாளும் பொருளின் இயல்பை அந்தத் தொழிலாளிக்கு ஒரு மணிநேரமேனும் கற்பித்ததா என்று கேட்டாள். குற்றம் மேலிருந்து இறங்கி வந்திருக்கிறது. தண்டனை கீழேயே தங்கிவிடக் கூடாது என்று முடித்தாள். படித்துப் பார்த்தபோது, மேடையில் முழங்கக்கூடிய கடிதம் என்றே தோன்றியது. கல்லூரி அதைப் பெற்றுக்கொண்டது, முத்திரை குத்தியது, மூவர் குழு ஒன்றை அமைத்தது.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று நாற்காலிகள். இந்தப்பக்கம் இளம்பரிதிக்கு ஒன்று, எழில்மொழிக்கு ஒன்று. கோவிந்தராசு சலவை மடிப்புக் கலையாத சட்டையில் கதவோரம் நின்றார்.

“அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்க,” என்றாள் எழில்மொழி.

குழுத் தலைவர் கையசைத்தார், நாற்காலி வந்தது. கோவிந்தராசு அதைப் பார்த்தார், தொடவில்லை.

“பரவால்லீங்க. எனக்கு நின்னாத்தான் பேச்சு வரும்.”

அதற்கு மேல் அவரை யார் உட்காரவைப்பது? அவளும் எழுந்து நிற்கப் பார்த்தாள். “நீங்க உக்காருங்கம்மா” என்று தலைவர் சொல்ல, அவளுடைய எழுச்சி அரையடி உயரத்தில் முடிந்தது.

“கோவிந்தராசு, அந்த பீரோ பூட்டியிருந்ததா?”

“பூட்டியிருந்ததுங்க.”

“சாவி?”

“மேடம் குடுத்தாங்க. மணி மாத்தறதுக்கு.”

“சில்லுகளை வெளிய எடுக்கச் சொல்லி அவங்க சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“துறைத் தலைவர் சொன்னாரா?”

கோவிந்தராசு இளம்பரிதியைப் பார்த்தார். இளம்பரிதி மேசையைப் பார்த்தார்.

“அண்ணே,” என்றாள் எழில்மொழி, “சார் வாட்சப்புல போட்டாருல்ல, எல்லாத்தையும் தொடச்சுச் சந்தனம் வெக்கணும்னு. அதச் சொல்லுங்க.”

“அது மெஷினுக்குப் போட்டதுங்க மேடம்.” அவர் குரலில் அவளைத் திருத்துகிற கூச்சம் இருந்தது. “மெஷினுக்கெல்லாம் வெச்சு முடிச்சிட்டேன். அப்புறம் உங்க சாமான் ஞாபகம் வந்து, நானா ஆசப்பட்டுத்தான் தொறந்தேன். யாரும் சொல்லல. இல்லாதத நான் எப்படிங்க சொல்றது?”

“யாரும் சொல்லாம, நீங்களாவே செஞ்சதுதான். அப்படித்தானே?”

“ஆமாங்க. நானாத்தான்.”

மூவரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். எழில்மொழி பேசினாள். கற்பிக்காத துறையைப் பற்றிப் பேசினாள். ஆணையைப் பற்றிப் பேசினாள். பகுத்தறிவின் இடத்தில் பழக்கத்தை உட்காரவைத்ததைப் பற்றிப் பேசினாள். கேட்டார்கள். மறுக்கவில்லை. “நல்ல கருத்து, தனியாப் பரிசீலிக்கலாம்” என்றார்கள். எதிர்த்தால் மோதலாம், ஏற்றுக்கொண்டு ஓரத்தில் வைத்துவிட்டால் எதன்மேல் மோதுவது?

அரைமணி நேரத்தில் அறிக்கை தட்டச்சாகி வந்தது. குழுத் தலைவர் அதை உரக்கப் படித்தார். பீரோ பூட்டப்பட்டிருந்தது. சாவி மணிகளை மாற்றுவதற்காக மட்டும் ஒப்படைக்கப்பட்டது. உதவியாளர் எவருடைய அறிவுறுத்தலுமின்றித் தாமாகவே மாதிரிகளை எடுத்து ஈரத்துணியால் துடைத்ததாக ஒப்புக்கொண்டார். ஐந்தாம் ஆண்டு அளவீடு இதனால் இயலாமற்போயிற்று. ஆய்வாளருக்கு ஓராண்டு நீட்டிப்பு வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. உதவியாளரின் பணி இம்மாத இறுதிக்குப் பின் தேவைப்படாது. கீழே, சாட்சி என்ற சொல்லுக்கு நேராக அவள் பெயரும் ஒரு கோடும்.

எழில்மொழி அதை ஒருமுறை படித்தாள். மறுமுறை படித்தாள். எங்கேனும் ஒரு பொய் அகப்பட்டால் போதும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்திட மறுக்கலாம். சொல் சொல்லாகத் தேடினாள். பூட்டியிருந்தது உண்மை. கொடுத்தது உண்மை. எடுத்தது உண்மை, துடைத்தது உண்மை, ஒப்புக்கொண்டது உண்மை. அத்தனை உண்மைகளையும் அடுக்கி ஓர் அநீதியைக் கட்டியிருந்தார்கள். ஒரு செங்கலும் அசையவில்லை. அளந்ததுதான் உண்மை என்று நெறியாளரிடம் வாதாடி வந்தவளுக்கு, இங்கே மறுக்கத் துளி இடமும் இல்லை.

“போட்டுடுங்க மேடம்,” என்றார் கதவோரத்திலிருந்து கோவிந்தராசு. “நான் சொன்னததான எழுதியிருக்காங்க.”

அவள் கையெழுத்திட்டாள்.

வெளியே மழை சற்று ஓய்ந்திருந்தது. கோவிந்தராசு தன் மேசை இழுப்பறையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு சட்டையையும் பைக்குள் திணித்துக்கொண்டு நடைவழிக்கு வந்தார். மாத இறுதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது, ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

“என் மச்சினன் வாழத்தார் லோடு ஏத்தற எடத்துல ஆள் கேட்டாங்களாம். வீட்டுக்குப் பக்கம். பஸ் செலவு மிச்சம்,” என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே தேறுதல் சொல்பவர்போல அருகில் வந்தார். “நீங்க எதுக்குப் பாப்பா மொகத்த இப்படி வெச்சிருக்கீங்க? தப்பு பண்ணினவன் நானு.”

ஐந்தாண்டுகளில் முதன்முறையாக அவர் வாயில் ‘மேடம்’ போய்ப் ‘பாப்பா’ வந்திருந்தது.

“அதான் ஒரு வருசம் கூடக் குடுத்துட்டாங்கள்ல? படிச்சாங்க, கேட்டேன். அதுக்காகத்தான் நானும் மாத்திப் பேசாம நின்னேன். அந்த ஒரு வருசத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்ல? ஒரு வருசம் போதுமா?”

அவர் கண்களில் உண்மையான கேள்வி இருந்தது. ஐந்தாண்டு முதுமையை ஓராண்டில் வளர்க்க முடியாது என்பதும், அந்த ஓராண்டு தன் கையில் வெறும் காகிதம் என்பதும், அதற்கு விலையாகப் போனது அவருடைய பத்தொன்பது ஆண்டுகள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஏன் ஆகாது என்று அவருக்கு இன்றாவது விளக்கலாம். விளக்கினால் அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலும் போகும்.

“போதும்ணே,” என்றாள் எழில்மொழி. “தாராளமாப் போதும்.”